பாலம் தாண்டினால் மட்டும் பச்சை

டோல்கேட்டின் மூன்றாவது ஜன்னலில் உட்காருபவளை அவளுடைய சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது. எல்லோருக்கும் அவள் ரசீதக்கா. காசை நீட்டிவிட்டு, ரசீது வேண்டாம் என்று கையாட்டும் லாரிக்காரர்களை அவள் விடமாட்டாள். "வாங்கிக்கிட்டுப் போங்க. காசு குடுத்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?" என்று நீட்டிய கையை மடக்காமல் இருப்பாள். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரனைப் போட்டு அலறும். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு வாங்குவார். அதற்கப்புறம்தான் தடுப்புக் கம்பு மேலே போகும்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? அவனே வேணாங்கறான்" என்பாள் ஐந்தாவது ஜன்னல்காரி.

"அவன் வேணாம்னு சொல்லலாம்டி. நாம குடுக்காம இருக்கக்கூடாது. காசு வாங்கிட்டா ரசீது குடுக்கணும், கம்பைத் தூக்கணும். இதுல என்ன கஷ்டம்?"

ஐந்தாவது ஜன்னல்காரிக்கு மைனா என்று பட்டம். வாய் ஓயாது. சம்பளம் ஏறாதது, சினிமாவில் வந்த புடவை, மேற்பார்வையாளரின் தொப்பை, எதுவாக இருந்தாலும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும். வயதில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சின்னவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கள்ளநோட்டு ஒன்றை வாங்கிவிட்டு அழுதுகொண்டு நின்றவளை, தன் முந்தானையால் முகம் துடைத்து உட்காரவைத்தவள் ரசீதக்காதான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே டீ, இரண்டு டம்ளர்.

ரசீதக்காவுக்கு இடது காது கேட்காது. ஜன்னல் இருப்பது இடது பக்கம். வருஷக்கணக்காக லாரி ஹாரனும் ஏர்பிரேக்கின் சீறலும் அந்தக் காதுக்குள் நேராகப் போய் அதைத் தீர்த்துவிட்டன. வலது காது பரவாயில்லை. வீட்டில் சமாளித்துக்கொள்வார்கள். பாலத்தடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், "நான் பேசறதுல பாதி இவளுக்குக் கேக்காது. அதனாலதான் எங்க குடும்பம் சண்டையில்லாம ஓடுது" என்று டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் சொல்வான். சிரிப்பான். ஆனால் அவள் காதுக்கு ஒரு மிஷின் வாங்க வேண்டும் என்று கடை கடையாக விசாரித்தவனும் அவன்தான். நல்ல மிஷின் என்று மருத்துவர் காட்டியது அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டிய விலையில் இருந்ததைப் போட்டுப் பார்த்தாள். எல்லாச் சத்தமும் ஒரே கொதிப்பாகக் கொதித்தது. கழற்றிவைத்துவிட்டாள்.

மைனாவுக்கு மட்டும் இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வறையில் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. எங்கே இடமிருந்தாலும் அவள் ரசீதக்காவின் வலது பக்கமாக வந்துதான் உட்காருவாள். அங்கே வேறு யாராவது இருந்தால், "கொஞ்சம் நகருங்க, அது என் காது" என்பாள்.

அந்த விளையாட்டைப் போனில் இறக்கித் தந்தவளும் மைனாதான். பெயர் நெரிசல். ஒரு சின்னக் கட்டத்துக்குள் கார், வேன், பஸ், லாரி எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டு நிற்கும். விரலால் முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். யார் சீக்கிரம் விடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. "நாள் பூரா இதைத்தானேடி பண்றோம்! ஓய்வு நேரத்துலயும் இதுவா?" என்று சிரித்தாள் ரசீதக்கா. ஆனால் இரண்டு வாரத்தில் மைனாவால் அவளைத் தொட முடியவில்லை. எல்லோரும் வழியை அடைத்து நிற்கும் பெரிய லாரியோடு மல்லுக்கட்டுவார்கள். ரசீதக்கா அதைப் பார்க்கவே மாட்டாள். மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குட்டிக் காரை ஒரு கட்டம் பின்னால் தள்ளுவாள். அப்புறம் எல்லாம் சரசரவென்று அவிழும்.

"எப்படிக்கா?"

"தெரியலடி. பாத்தாத் தெரியுது."

விளையாட்டில் இரண்டு வகை உண்டு. சும்மா விளையாடுவது ஒன்று. கட்டணம் கட்டிப் போட்டியில் சேருவது இன்னொன்று. போட்டியில் சேரும் பொத்தான் ரசீதக்காவின் வீட்டில் எப்போதும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். காலையில் வேலைக்காரர்களை ஏற்றிவரும் பஸ் பாலத்தின் பாதியைத் தாண்டியதும் அதே பொத்தான் பச்சையாகிவிடும். அவள் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம். டோல்கேட் அந்தப் பக்கம். நடுவில் ஓடும் தண்ணீரோடு மாநிலமும் சட்டமும் மாறுகின்றன. இந்தக் கரையில் காசு கட்டி விளையாடினால் அது சூதாட்டம். அந்தக் கரையில் அதே விளையாட்டு திறமை.

"நீ பச்சோந்திக்கா. பாலம் ஏறினா ஒரு கலர், இறங்கினா ஒரு கலர்" என்று மைனா கிண்டல் செய்வாள். மைனாவின் வீடு டோல்கேட்டுக்குப் பின்னாலேயே, ஒரு மாடி அறை. அவளுக்கு எப்போதும் பச்சைதான்.

கட்டணப் போட்டியில் சேரலாம் என்று சொன்னதும் அவளே. ரசீதக்கா தயங்கினாள். எங்க கரை ஆள் சேரலாமா என்று விளையாட்டுக்குள்ளேயே இருந்த உதவிப் பெட்டியில் மைனாவை விட்டுக் கேட்டாள். 'விளையாடும்போது அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பது அவசியம்' என்று உடனே பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. "பாத்தியா? விளையாடறப்ப இங்க இருந்தாப் போதும்" என்றாள் மைனா.

அடுத்து வசிக்கும் முகவரி என்று ஒரு கட்டம் வந்தது.

"டோல்கேட்டைப் போடு" என்றாள் மைனா.

இதைக் கேட்டு வெளியாள் சிரிக்கலாம். டோல்கேட்டில் வேலை செய்கிற யாருக்கும் சிரிப்பு வராது. அங்கே எல்லோருக்கும் முகவரி டோல்கேட்தான். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்காது. கூரியர்காரன் வந்தால் திரும்பிப் போய்விடுவான். அதனால் ஆன்லைனில் வாங்கும் செருப்பிலிருந்து வங்கி அட்டை வரைக்கும் எல்லாம் டோல்கேட் முகவரிக்கு வரும். மேற்பார்வையாளர் மகனின் கல்யாணப் பத்திரிகையிலேயே, தொடர்புக்கு என்று டோல்கேட் முகவரிதான் அச்சாகியிருந்தது. முகவரி என்று யார் கேட்டாலும் கை தானாக அதை எழுதும். ரசீதக்காவும் எழுதினாள்.

அந்தக் கட்டத்தில் அவள் விரல் ஒரு நொடி நின்றதா, நிற்கவில்லையா? இதைப் பின்னால் அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நாள் நின்றது போலிருக்கும். இன்னொரு நாள் நிற்கவேயில்லை என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும்.

சின்னப் போட்டிகளில் ஜெயித்தாள். தோற்றாள். ஜெயித்ததைக் கொண்டே அடுத்ததற்குக் கட்டணம் கட்டினாள். பருவத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய போட்டி வந்தது. சுற்றுக்குச் சுற்று ஆட்கள் கழன்றுகொண்டே போக, அவள் ஏறிக்கொண்டே போனாள். ஓய்வறையில் கூட்டம் கூடியது. லாரி நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த ஓட்டுநர்கள்கூட எட்டிப் பார்த்து, "நம்ம ரசீதம்மாவா? அதான் பாத்தேன், ஒரு வண்டியும் தப்பிக்காதே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசிச் சுற்றுக்கு அவள் பெயர் பட்டியலில் எல்லோருக்கும் மேலே வந்தது. முதல் பரிசு அந்த எட்டாத மிஷினை எட்ட வைத்துவிடும். மைனாவும் நன்றாகத்தான் ஆடியிருந்தாள். ஆனால் வாசற்படியில் நின்றுவிட்டாள். உள்ளே போனவர்களில் யாராவது விலகினால் அந்த இடம் அவளுக்கு.

"நீ ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரிக்கா. மிஷின் வாங்கினதும் முதல்ல நான்தான் அந்தக் காதுல பேசுவேன், வேற எவளும் பேசக்கூடாது" என்றாள்.

"உன் வாய்க்கு அந்த மிஷின் ஒரே நாள்ல கெட்டுப்போயிரும்டி."

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மைனா பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து ரசீதக்காவின் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"என்னடி இந்தப் பக்கம்?"

மைனா சுவரைக் காட்டினாள். சார்ஜர் மாட்டும் துளை அங்கே இருந்தது. போனை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது ஒளிர்ந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். எதிர்ப்பக்கம் ஏதோ கேட்பதும், இவள் தலையாட்டுவதும், ஒரு முறை ரசீதக்காவைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோவதும் தெரிந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. ரசீதக்கா பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே பார்த்தாள். பேசி முடித்ததும், "யாருடி, மாப்பிள்ளையா? இவ்வளவு வெக்கம்!" என்று முழங்கையால் இடித்தாள். மைனா சிரித்தாள். அவளிடமிருந்து எப்போதும் வரும் சிரிப்பு அது இல்லை என்பது அப்போதே தெரிந்தது. கல்யாணப் பேச்சாக இருக்கும், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பஸ் பாலத்தின் பாதியைத் தாண்டியது. பொத்தான் பச்சையாகவில்லை. டோல்கேட்டில் இறங்கினாள். ஜன்னலில் உட்கார்ந்தாள். ஓய்வறைக்குப் போனாள். ஜெனரேட்டர் பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கே நின்றாலும் சாம்பல்தான்.

விளையாட்டுக் கம்பெனிக்காரர்களைப் போனில் பிடிக்க அவள் மகள் உதவினாள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். அந்தக் குடும்பத்தில் அங்கே கால் வைத்த முதல் ஆள். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் போட்டு, போனை அம்மாவின் வலது காதருகே பிடித்தாள்.

"மேடம், உங்க கணக்கு தகுதியில்லாததா மாத்தப்பட்டிருக்கு" என்றது ஓர் இளம் குரல். "கட்டணப் போட்டிக்கு நீங்க அனுமதிக்கப்பட்ட பகுதியில வசிக்கணும்."

"விளையாடறப்ப அங்க இருந்தாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்கறது அவசியம்னு சொல்லியிருப்போம் மேடம். அது மட்டும் போதும்னு சொல்லியிருக்க மாட்டோம்."

"அப்ப இத்தனை மாசம் கட்டணம் வாங்கினீங்களே? அப்ப என் வீடு எங்கன்னு பாக்கலயா?"

"பரிசுச் சுற்றுலதான் மேடம் சரிபார்ப்போம். கட்டின கட்டணம் விதிப்படி திரும்ப வராது."

கம்பைத் தூக்கி வண்டியை உள்ளே விட்டு, பாதிப் பாலம் போனவனைக் கூப்பிட்டு, உன் வண்டி இந்தப் பக்கம் ஓடக்கூடாது, வாங்கின காசும் கிடையாது என்று ரசீதக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த ஓட்டுநர் ஜன்னலை உடைத்திருப்பான். உடைத்தாலும் தப்பில்லை.

"என் வீடு அங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரே முகவரியில ரெண்டு பேர் இருந்தீங்க மேடம். இன்னொருத்தருக்குப் போன் பண்ணிக் கேட்டோம். அவங்க தங்களோட வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அனுப்பிட்டாங்க. நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வேலைக்கு மட்டும் வர்றீங்கன்னு உறுதிப்படுத்தினாங்க."

மகள் போனை அணைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரசீதக்கா தன் இடது காதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சார்ஜர் துளை. பெஞ்சின் இந்த ஓரம். வாயை மூடிய கை. வலது பக்கத்திலும் ஒரு துளை இருக்கிறது, அவள் தன் போனை அதில்தான் தினமும் மாட்டுகிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"விதியெல்லாம் படிச்சேம்மா" என்றாள் மகள் தயங்கித் தயங்கி. "வசிக்கணும்னு உள்ள எங்கயோ போட்டிருக்கான். கண்ணுக்குப் படாத இடத்துல. ஆனா போட்டிருக்கான். நாம டோல்கேட்ல குடியிருக்கோம்னு எழுதினதும்... அது பொய்தானேம்மா?"

"நீ யார் பக்கம்டி?"

"உன் பக்கம்தான். அதனாலதான் கேக்கறேன். புகார் எழுதறதுன்னா முதல்ல அதைத்தானே அவன் கேப்பான்?"

பஞ்சர் கடையிலிருந்து வந்திருந்த புருஷன் கையில் அழுக்கோடு வாசலில் நின்றான். "அவன்கிட்ட எழுதறது இருக்கட்டும். அந்தப் பொண்ணு இந்த வீட்ல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கும்?" என்றான். ரசீதக்காவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, வலது பக்கமாக வந்து மறுபடி கேட்கப் போனான். மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கம்பெனி துரோகம் செய்தது என்பதில் ரசீதக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு முகம் இல்லை. கம்பெனி யாரோ. அது அவளிடம் ஒரு நாளும் டீ வாங்கிக் குடித்ததில்லை.

அடுத்த நாள் ஓய்வறைக்கு வந்ததும் மைனா நேராக வலது பக்கம் உட்கார்ந்தாள். கையில் பன் பொட்டலம். கண் இமைகள் வீங்கியிருந்தன.

"அக்கா, கேளு. நான் போய்ச் சொல்லல. அவங்களாத்தான் முதல்ல சேதி அனுப்பினாங்க, அப்புறம் கூப்பிட்டாங்க. ஒரே முகவரி, ரெண்டு பேர்ல யாரு பொய்யின்னு கேட்டாங்க. சொல்லலைன்னா ரெண்டு பேரையும் எடுத்துருவோம்னாங்க."

"முகவரியை அப்படிப் போடச் சொன்னது யாருடி?"

"எல்லாரும் அப்படித்தானே போடுறோம்? நான் என்ன கண்டேன்?"

"அவங்க கேட்டப்ப அதையும் சொன்னியா? நான்தான் போடச் சொன்னேன்னு?"

மைனா பொட்டலத்தின் நூலைச் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல" என்றாள் ரசீதக்கா. "உண்மையைச் சொன்ன. சரி. எழுந்து வந்து இந்தக் காதுல சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்ல? 'அக்கா, இப்படிக் கேக்கறாங்க, என்ன பண்ணட்டும்'னு? நானே சொல்லியிருப்பேன், என் பேரை எடுத்துருங்கன்னு. என் பக்கத்துலயே உக்காந்துகிட்டு, எந்தக் காது கேக்காதோ அந்தக் காதுப் பக்கமா வந்து உக்காந்துகிட்டு..."



"என் இடத்துல நீ இருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

ரசீதக்கா அதற்குப் பதில் தேடினாள். நல்லவளைப் போல ஒரு பதில் உடனே வாய்க்கு வந்தது. அது நிஜம்தானா என்று தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை.

"இப்ப உனக்கு உள்ள இடம் குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டாள்.

மைனா குனிந்தபடியே தலையாட்டினாள். அப்புறம் அவசரமாக, "நான் ஜெயிச்சா அந்த மிஷினை நானே உனக்கு வாங்கித் தரேன்க்கா. சத்தியமா" என்றாள்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பன்னில் பாதியை ரசீதக்கா பிய்த்து எடுத்திருப்பாள். அவளுடைய சுபாவம் அப்படி. அழுதுகொண்டு வந்தவர்களை நிற்க வைத்துப் பேசத் தெரியாதவள். ஆனால் இந்த வார்த்தை அவளை எழுப்பிவிட்டது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

கடைசிச் சுற்றுக்கு முன் பழகிக்கொள்ள, சில கடினமான கட்டங்களைக் கம்பெனி திறந்துவிட்டிருந்தது. மைனா ஓய்வு நேரம் முழுக்க அதோடு போராடினாள். ஒரு நாள் அவள் ஓய்வறைக்குள் நுழைந்தபோது ரசீதக்கா பெஞ்சின் மறுகோடியில், வலது தோள் சுவரில் உரச, ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை உட்காரக்கூட இடமில்லை. மைனா சற்று நேரம் நின்றாள். பிறகு இருந்த ஒரே பக்கத்தில், இடது பக்கத்தில், உட்கார்ந்தாள்.

போன் திரை ரசீதக்காவின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெரிய மஞ்சள் லாரி வழியை அடைத்து நின்றது. மைனா அதையே முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் ஒரு குட்டி நீலக் கார். அதை ஒரு கட்டம் பின்னால் தள்ள வேண்டும். பார்த்ததும் தெரிந்துவிட்டது. விரல்கூடத் துடித்தது.

மைனா திரும்பினாள். வாய் அசைந்தது. எதை முதலில் எடுப்பது என்று கேட்கிறாள். கேட்காமலே தெரியும், இத்தனை நாளும் கேட்ட கேள்விதான். பதில் வராததால் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்து மறுபடியும் கேட்டாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் ரசீதக்கா. "நீங்க பேசறது எதுவும் இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுங்க."

மைனாவின் முகம் வெளுத்தது. வாடி போடி என்று அவளைப் பேசிப் பழகிய வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்து விழுந்ததில், ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளரே நிமிர்ந்து பார்த்தார்.

கடைசிச் சுற்றில் மைனா ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தாளாம். கேள்விப்பட்டபோது கொஞ்சமாவது சந்தோஷம் வரும் என்று ரசீதக்கா காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. புகாரை மகள் எழுதினாள். முகவரி விஷயத்தை மறைக்காமல் முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் ரசீதக்கா. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இப்போதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் ஓய்வு. டீ தனித்தனி. ரசீதக்கா சுவரோரம் நல்ல காதைச் சாய்த்து உட்காருவாள். சில நாள் மைனா இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, மெல்ல ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பாள். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரியும். மன்னிப்புக் கேட்கிறாளா, ஊர்க்கதை சொல்கிறாளா என்று தெரியாது. முகத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். ரசீதக்கா திருப்பமாட்டாள். டீயைக் குடித்து முடித்து மூன்றாவது ஜன்னலுக்குப் போவாள். காசை வாங்குவாள், ரசீதை நீட்டுவாள், கம்பைத் தூக்குவாள்.